தறிச் சத்தத்தை எங்கே வெட்டுவது?

ஆடி மாதத்தில் வெம்பாக்கம் பக்கம் எந்த அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பகலில் கூழ் வார்த்து முடித்து, இரவில் மெல்லிசைக் கச்சேரி தொடங்கியிருக்கும். பாடகர் அம்மன் பாட்டு ஒன்றைப் பிடிப்பார். உறுமி உறுமும், பம்பை அதிரும், நடுவே தவில் புகுந்து ஒரு தீர்மானம் வைத்துவிட்டுப் போகும். மேடையில் தேடினால் உறுமியும் இருக்காது, பம்பையும் இருக்காது. ஓரத்தில் ஒரு இளைஞர் இரண்டு குச்சிகளோடு நிற்பார். அவர் முன்னால் இரும்புத் தாங்கியில் ஒரு தட்டையான பெட்டி, அதன் முகத்தில் சில ரப்பர் கட்டங்கள். அவ்வளவுதான் வாத்தியக் கோஷ்டி.

அதை ‘ரிதம் பேட்’ என்பார்கள். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் ‘ஆக்டோபேட்’ என்றே சொல்லுகிறவர்களும் உண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985இல் எட்டுக் கட்டங்களோடு வெளியிட்ட கருவியின் பெயர் அது. நகலெடுக்கும் எந்திரத்துக்கெல்லாம் ‘ஜெராக்ஸ்’ என்று பெயர் ஆனதுபோல, இதுவும் பொதுப்பெயராகிவிட்டது. அந்த முதல் ஆக்டோபேடுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்பதை ‘மிடி’ என்ற மொழியில் கம்பி வழியே இன்னொரு கருவிக்குச் சொல்லும், அது ஒலிக்கும். பின்னால் வந்த பெட்டிகள் நூற்றுக்கணக்கான ஒலிகளை வயிற்றில் வைத்துக்கொண்டே பிறந்தன. அதற்கும் பின்னால் வந்த ‘சாம்ப்ளிங் பேட்’ வகை, எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்றவை, நாம் கொடுக்கும் எந்த ஒலியையும் வாங்கிக்கொள்ளும். தவில் கொடுத்தால் தவில், ஆட்டுக்குட்டி கொடுத்தால் ஆட்டுக்குட்டி.

ஆனால் யாரோ ஒருவர் அந்தத் தவிலைப் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு அடியாக வெட்டியிருக்க வேண்டும். மேடையில் கேட்பது அந்த வெட்டின் தரத்தைத்தான். குச்சி பிடித்தவரின் கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், சாம்பிள், அதாவது அந்த வெட்டிய ஒலித்துண்டு, தப்பாக வெட்டப்பட்டிருந்தால் பாட்டு நொண்டும். இந்த வெட்டும் வேலைக்குள் இருக்கும் இயற்பியலை ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். தவில் ஏற்கனவே பல பெட்டிகளில் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது, எந்தப் பெட்டியிலும் எளிதில் கிடைக்காத ஒன்றை: தறி.

வெம்பாக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கு ஓரம். பாலாற்றைத் தாண்டினால் காஞ்சிபுரம். ஆரணிப் பட்டு என்ற பெயரோடு கடைக்குப் போகும் சேலைகளை நெய்யும் வட்டாரம் இது. தறி ஓடும் வீட்டின் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் முதலில் கேட்பது ஒரே ‘டக்... டக்’தான். கொஞ்ச நேரம் கழித்து அது பிரியத் தொடங்கும். மிதி அழுந்தும்போது ஒரு முனகல். மேலே ஜக்கார்டு பெட்டியில் கொக்கிகள் தூக்கும் சடசடப்பு. நாடா ஓடும் ‘சர்ர்’. அது மறுபுறப் பெட்டியில் போய் இடிக்கும் ‘டக்’. கடைசியாக அச்சுப் பலகை வந்து ஊடையை நெருக்கும் ‘தொம்’. ஒரே ஒரு இழை போட இத்தனை ஒலி. மிருதங்க மாணவர் ‘தா’, ‘தீ’, ‘தொம்’, ‘நம்’ என்று ஒவ்வொரு அடிக்கும் பெயர் வைத்துப் படிக்கிறார் அல்லவா? அதுவும் ஒலிகளைப் பிரித்துப் பெயரிட்டு அடுக்கி வைக்கும் வேலையே. சாம்ப்ளர் என்ற எந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் வாத்தியக்காரர்கள் வாயில் ஒரு சாம்பிள் கிடங்கு இருந்தது.

சரி, செல்பேசியை நீட்டிப் பதிவு செய்கிறோம். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக எழுதிக்கொள்கிறது. 1982இல் குறுந்தகடு வந்தபோது நிலைபெற்ற கணக்கு இது. ஏன் இத்தனை தடவை? மனிதக் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். ஒரு அதிர்வைப் பிடிக்க அதன் மேட்டிலும் பள்ளத்திலுமாகக் குறைந்தது இரண்டு தடவைக்கு மேல் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் அடித்தளம் போட்டு, கிளாட் ஷானன் 1949இல் நிறுவிக் காட்டிய விதி. ஒவ்வொரு அளவும் 16 பிட் என்றால் 65,536 படிகள் கொண்ட அளவுகோலால் அளப்பதற்குச் சமம். 12 பிட் என்றால் 4,096 படிகள். 8 பிட் என்றால் 256. படிகள் குறையக் குறைய ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும்.

ஆக, பதிவான தறி இப்போது ஒரு நீண்ட எண் வரிசை. சாம்பிளைத் திருத்துவது என்றால் இந்த வரிசையில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது, எதைப் பெருக்குவது, எதை எந்த வேகத்தில் படிப்பது என்று முடிவு செய்வதுதான். இதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சிக்கல் முழுவதும் முதல் முடிவில் இருக்கிறது: எங்கே தொடங்குவது?

‘தொம்’ என்ற அடியை எடுத்துக்கொள்வோம். திரையில் அது திடீரென்று எழும் ஒரு குன்றுபோலத் தெரியும். முன்னால் கொஞ்சம் வெறுமை, பிறகு செங்குத்தான ஏற்றம், அப்புறம் சரிந்து சரிந்து அடங்கும் வால். வெறுமையைக் கொஞ்சம் விட்டே வெட்டினால் என்ன ஆகும்? ஆயிரத்தில் இருபது பங்கு நொடி மட்டும் மிச்சம் வைத்ததாகக் கொள்வோம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எனவே அந்த மிச்சம், வாசிப்பவர் ஏழு மீட்டர் தள்ளி நின்று அடிப்பதற்குச் சமம். கட்டத்தைத் தட்டியதும் ஒலி வராமல் ஒரு கணம் பிந்தி வரும். வாசிப்பவருக்குக் கையில் சேறு ஒட்டியதுபோல இருக்கும். புதிதாகப் பேட் வாங்கியவர்கள் கருவியைக் குறை சொல்லும் பல இடங்களில் குற்றம் இந்த மிச்ச வெறுமையில்தான்.

அப்படியானால் ஏற்றத்தில் நெருக்கி வெட்டலாமா? இங்கேதான் ஒலியியலின் ஒரு அழகான கண்டுபிடிப்பு வருகிறது. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற பொறியாளர் மணியோசை ஒன்றைப் பதிவு செய்து, நாக்கு மணியில் அடிக்கும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியைப் போட்டுக் கேட்டார். மணி காணாமல் போய்விட்டது. ஏதோ ஊதுகுழல் போன்ற ஒன்று ஒலித்தது. அதே ஆண்டில் ரயில் எஞ்சின்களின் ஓசையை மட்டுமே வைத்து ஒரு இசைப் படைப்பையும் அவர் வெளியிட்டார். மணி மணியாகக் கேட்பது அதன் ரீங்காரத்தால் மட்டும் என்று நினைத்திருந்தோம். தொடக்கத்தில் விழும் அடிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்று காட்டியது அந்த வெட்டு. தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் முதல் பத்து மில்லி நொடியை அறுத்துவிட்டால் மிஞ்சுவது பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும் முணுமுணுப்பு. காது ஒரு பொருளை அடையாளம் காணும் வேலையைத் தொடக்கத்திலேயே பெரும்பாலும் முடித்துக்கொள்கிறது. வால் எவ்வளவு குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தலையைத் தொட்டால் விடாது.

எனவே வெறுமைக்கும் ஏற்றத்துக்கும் நடுவே மயிரிழையில் ஒரு இடம் தேட வேண்டும். அந்த இடத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒலிபெருக்கியின் கூம்பு அமைதியில் நடுநிலையில் நிற்கும், அதாவது சுழியத்தில். நாம் வெட்டிய முதல் எண் சுழியமாக இல்லாமல் அலையின் உச்சியில் இருந்தால், கூம்பு ஒரே தாவலில் அங்கே போக வேண்டும். அப்படிப்பட்ட திடீர்த் தாவலில் எல்லா அதிர்வெண்களும் கலந்து கிடக்கும். காதில் அது ‘டிக்’ என்று விழும். நான் முதன்முதலில் வெட்டிய ஒலித்துண்டுகள் எல்லாம் இப்படி ‘டிக் டிக்’ என்று துப்பின. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நம்பி அதைப் பழுது பார்க்க ஒரு கடையில் கொடுத்து, காசும் கட்டிவிட்டு வந்தேன். அலை சுழியக் கோட்டைக் கடக்கும் இடம் பார்த்து வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பல கருவிகளில் வெட்டுக்கோட்டைத் தானாக அந்த இடத்துக்கு நகர்த்தும் வசதி உண்டு. இல்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று மில்லி நொடிக்கு ஒலியைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றினாலும் போதும்.

‘தொம்’மை வெட்டுவது எளிது. ‘சர்ர்’ என்று நாடா ஓடுவதை நீட்டி, விடாமல் ஓடும் ஒலியாக்க நினைத்தால் ‘லூப்’ வேண்டும்: கடைசி எண்ணை எட்டியதும் கருவி மறுபடி முதல் எண்ணுக்குத் தாவ வேண்டும். தாவும் இடத்தில் தையல் தெரியக் கூடாது. சுழியத்தைச் சுழியத்தோடு ஒட்டினால் மட்டும் போதாது. மேலே ஏறிக்கொண்டிருக்கும் அலையை ஏறும் அலையோடுதான் ஒட்ட வேண்டும். ஏற்றத்தை இறக்கத்தோடு ஒட்டினால் அலை அங்கே முறியும், காது கண்டுபிடித்துவிடும்.

நெசவாளிக்கு இது புதுக் கதை அல்ல. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளை அட்டைகளைப் பாருங்கள். ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் பிரான்சில் வடிவமைத்த முறை. ஒவ்வொரு அட்டையும் ஒரு ஊடைக்கு எந்தப் பாவு இழைகளைத் தூக்க வேண்டும் என்று சொல்கிறது. அட்டைகள் வரிசையாகக் கயிற்றால் கோக்கப்பட்டு, கடைசி அட்டை முதல் அட்டையோடு கட்டப்பட்டிருக்கும். மாலை சுற்றிச் சுற்றி வர, கரையில் அன்னமோ மாங்காயோ திரும்பத் திரும்ப விழும். கடைசி அட்டையின் வரியும் முதல் அட்டையின் வரியும் பொருந்தாவிட்டால் சேலை நெடுக ஒவ்வொரு அன்னத்தின் கழுத்திலும் ஒரு உடைப்பு தெரியும். கணினியின் முன்னோடி என்று ஜக்கார்டு அட்டையைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. அது சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒப்புமை. லூப் என்ற வகையில் பார்த்தால்தான் அதன் உண்மையான நெருக்கம் எனக்குப் புரிகிறது. வடிவம் திரும்பி வரும் இடத்தில் கண் ஏமாற வேண்டும் என்பது தறியின் கணக்கு. அதே இடத்தில் காது ஏமாற வேண்டும் என்பது சாம்ப்ளரின் கணக்கு.

அடுத்து சுருதி. பதிவு செய்த ‘தொம்’ கொஞ்சம் கனமாக வேண்டும் என்றால் எண் வரிசையை மெதுவாகப் படிக்கச் சொல்லலாம். பாதி வேகத்தில் படித்தால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். கீபோர்டில் ஒரு கட்டை ஏற்ற வேண்டுமானால் வேகத்தை 1.0595 மடங்காக்க வேண்டும். பன்னிரண்டு தடவை இப்படிப் பெருக்கினால் சரியாக இரண்டு மடங்கு வரும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள்களின் உடம்பு இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. மனிதக் குரலை ஏற்றினால் தொண்டையும் வாயும் சேர்ந்து சுருங்கியதுபோல ஆகி, பொம்மைக் குரல் வரும். தறியை இறக்கினால் தறியே பெரிதாகிவிடும். இரண்டு ஆள் உயர நாடா ஒன்று ஓடுவதுபோலக் கேட்கும். சில சமயம் நமக்கு வேண்டியதே அதுதான் என்பதும் உண்மை.

மிருதங்கத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. சாதாரணத் தோல் முரசின் மேலதிர்வுகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். அதனால் அதற்குத் திட்டமான சுருதி கிடையாது. வலந்தலையின் நடுவே அப்பிய கரணை அந்த அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு மடங்குகளுக்கு அருகே இழுத்து வந்து நிறுத்துகிறது. சி.வி.ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதி உலகுக்குச் சொன்ன விஷயம். சுருதி சேர்ந்த வாத்தியம் என்பதால்தான் சாம்பிள் செய்யும்போது சங்கடம்: பாட்டின் சுருதி மாறினால் மிருதங்கச் சாம்பிளையும் மாற்ற வேண்டும், இரண்டு மூன்று கட்டைக்கு மேல் நகர்த்தினால் வேறு வாத்தியமாகிவிடும். ஒழுங்கான சாம்பிள் தொகுப்பு செய்கிறவர்கள் பல சுருதிகளில் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வது இதனால்தான்.

காற்று வாத்தியத்திடம் சாம்ப்ளர் நேராகவே தோற்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர் போன ஊர். கூத்தில் ஊதும் முகவீணையின் ஸ, ரி, க ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டிக் கட்டங்களில் வைத்து வாசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும். நம் இசை ஸ்வரங்களுக்கு இடையே உள்ள வழியில் இருக்கிறது; கமகம் என்பது அந்த வழி. ஸ்வரத்தை வெட்டி எடுக்கும்போது வழி கீழே விழுந்துவிடுகிறது. ஸ்டூடியோக்களில் இதற்குக் கண்ட தீர்வு, ஸ்வரங்களை விட்டுவிட்டு முழுச் சங்கதிகளையே பதிவு செய்து வைப்பது. அது தீர்வா, தோல்வியை ஒப்புக்கொள்வதா என்று கேட்டால் நான் இரண்டாவது பக்கம்.

கருவிகளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பழக்கங்கள் பலவும் அன்றைய வறுமையில் பிறந்தவை. சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979இல் வெளியிட்ட ஃபேர்லைட் சிஎம்ஐ, எண்முறைச் சாம்ப்ளர்களில் உலகறிந்த முதல் கருவி. 8 பிட், ஒரு ஒலிக்குக் கிடைத்த இடம் ஒரு நொடியளவுதான். பச்சைத் திரையில் ஒளிப்பேனாவால் அலையையே வரையலாம். அதோடு வந்த ஒலிகளில் ஒன்று, ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசையிலிருந்து பிய்த்தெடுத்த ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா அடி. அந்த ‘டாங்’ எண்பதுகளில் உலகமெங்கும் பாடல்களில் விழுந்துகொண்டே இருந்தது. ரோஜர் லின் என்பவர் 1980இல் நிஜ டிரம்ஸ் அடிகளைப் பதித்து எல்எம்-1 என்ற தாளப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவரே அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1988இல் வந்த எம்பிசி60தான் பதினாறு கட்டங்கள் என்ற அமைப்பை நிலைநாட்டியது.

இவற்றில் எனக்குப் பிடித்தது 1987இல் வந்த எஸ்பி-1200. மொத்த நினைவகமும் பத்து நொடி. 12 பிட். நொடிக்கு 26,040 அளவுகள்தான். நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இளைஞர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிவு செய்வார்கள். ஒரு நொடி இசை முக்கால் நொடிக்குள் அடங்கிவிடும். பிறகு கருவிக்குள் வேகத்தை இறக்கி மறுபடி பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். இடம் மிச்சம். ஆனால் ஒலியில் ஒரு மணல் கலந்துவிடும். அந்த மணல் ஒரு தலைமுறையின் அழகியலாகிவிட்டது. இன்று எல்லையற்ற நினைவகம் உள்ள கணினிகளில் அதே மணலைச் சேர்ப்பதற்கென்று மென்பொருள் விற்கிறார்கள். பழைய சேலையின் சாயம் போன நிறத்தைப் புதுச் சேலையில் கேட்டு வாங்குவதுபோல.

தமிழ் ரசிகர்களிடம் ‘கம்ப்யூட்டர் இசை’ என்ற பேச்சு பரவியது 1986இல், இளையராஜா இசையமைத்த ‘புன்னகை மன்னன்’ வந்தபோது. அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் சீக்வென்சிங், அதாவது எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கட்டளை வரிசை. சாம்பிள் என்பது ஒலியையே எடுத்து வைப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வது இன்றும் வழக்கம். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் சென்னையில் தன் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. கருவிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என் கணிப்பில் அதைவிட முக்கியம், ஸ்டூடியோ சொந்தமானது என்பது. மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில் ஒரு அடியின் தொடக்கத்தை ராத்திரி முழுக்க நகர்த்திப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

வெட்டி முடித்து, கட்டத்தில் வைத்து, வாசிக்கும்போது இன்னொரு பொல்லாப்பு தலைகாட்டும். ஒரே ‘தொம்’மை வேகமாகப் பதினாறு தடவை தட்டினால் எந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல இருக்கும். நிஜத் தறியில் எந்த இரண்டு அடியும் ஒன்றல்ல. நெய்கிறவரின் தோள் அசதி, இழையின் விறைப்பு, மழைநாளின் ஈரம் எல்லாம் அடிக்கு அடி மாற்றும். அதனால் நல்ல தொகுப்பில் மெல்லிய அடி, நடுத்தர அடி, பலத்த அடி என்று தனித்தனியாகப் பதிவு செய்து, குச்சி விழும் பலத்துக்கேற்ப ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பலத்திலும் நாலைந்து மாற்றுகளை வைத்து முறை வைத்து ஒலிக்கச் செய்வதும் உண்டு. மெல்லிய அடியின் சத்தத்தைக் கூட்டினால் பலத்த அடி ஆகாது; அடியின் பலம் கூடும்போது மேலதிர்வுகளின் விகிதமே மாறுகிறது. ஒலிபெருக்கியில் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் கிசுகிசுப்பு கிசுகிசுப்பாகவே கேட்பதன் காரணம் இதுதான்.

காலத்தையும் திருத்தலாம். தட்டிய அடிகளைக் கருவி அருகில் உள்ள காலக் கோட்டுக்கு இழுத்து ஒழுங்குபடுத்தும். எம்பிசியில் ரோஜர் லின் இதற்கு ‘ஸ்விங்’ என்று ஒரு திருகல் வைத்தார். ஐம்பது சதவீதம் என்றால் ஒரு அட்சரத்தின் இரண்டு பாதிகளும் சமம், நம் கணக்கில் சதுஸ்ரம். அறுபத்தாறு என்றால் முதல் பாதி இரண்டு பங்கு, மறுபாதி ஒரு பங்கு, திஸ்ர நடை. சுவை இரண்டுக்கும் இடையே, ஐம்பத்து நாலிலும் ஐம்பத்தெட்டிலும் இருக்கிறது. தறியின் நடையை அளந்து பார்த்தால் அதுவும் இப்படி எங்காவது இடையில்தான் நிற்கும். அதைக் கோட்டுக்கு இழுத்துச் சமப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை. சமமாக ஓடும் தறிச் சத்தம் வேண்டுமென்றால் விசைத்தறிக் கொட்டகைக்குப் போகலாம்.

வெட்டிய பிறகு அசல் என்ன ஆகும் என்பதிலும் கருவிகள் இரு வகை. பெரும்பாலானவை தொடக்கம், முடிவு என்ற இரண்டு எண்களை மட்டும் மாற்றும். அசல் வரிசை அப்படியே இருக்கும். கருவி இன்ன இடத்திலிருந்து படித்தால் போதும் என்று குறித்துக்கொள்ளும். ‘நறுக்கு’ என்ற பொருளில் வரும் இன்னொரு கட்டளை, வெளியே உள்ளதை நிஜமாகவே அழித்துவிடும். வெம்பாக்கத்துக்குப் பக்கத்தில் மாமண்டூர்க் குடைவரைகளில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அவன் எழுதிய ‘மத்தவிலாசம்’ நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. சிற்றுளி பட்ட பாறையில் பழையதற்குத் திரும்ப வழியில்லை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அழிக்கும் பொத்தானை அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் மறுநாள் காலை வருத்தப்படுவார்கள்.

வெட்டியது யாருடைய ஒலி என்ற கேள்வியும் உண்டு. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து மறுபடி லண்டன் போன மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட ‘அருளர்’ தொகுப்பின் தொடக்க வேலைகளை ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில்தான் செய்தார். 2007இல் வந்த அடுத்த தொகுப்பு ‘கலா’வுக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக் கலைஞர்களைப் பதிவு செய்தார். அதே தொகுப்பின் முதல் பாடலில் இளையராஜாவின் ‘தளபதி’ படப் பாட்டு ஒன்றின் துண்டும் இருக்கிறது. அதற்கு முன்பே, 2003இல், பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துப் பாட்டு ஒன்றிலிருந்து துண்டெடுத்திருந்தது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். உரிமை பொதுவாகப் பதிவுக்குப் பணம் போட்ட தயாரிப்பாளருடையது. வாசித்தவருக்கு என்ன என்று கேட்டால் கிரகரி கோல்மன் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் ‘ஆமென் பிரதர்’ பாட்டில் அவர் வாசித்த நாலு ஆவர்த்தன டிரம்ஸ் தனி, சில நொடி நீளம், ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2006இல் இறந்துவிட்டார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் போய்ச் சேர்ந்தது. நாலு ஆவர்த்தனத்தை வாசித்த கைக்கு அதுவும் இல்லை.

தறிக்குக் காப்புரிமை கேட்டு யாரும் வரப்போவதில்லை. நெய்கிறவர் அனுமதி கேட்டால் ‘இதுல என்ன இருக்குது, எடுத்துக்கப்பா’ என்பார். அதனாலேயே கேட்டுவிட்டு எடுங்கள். கோப்பின் பெயரில் ஊரையும் தேதியையும், அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பதியுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ‘தொம்’மின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பிரிப்பது பாடு. தறி நின்ற பிறகும் அரை நிமிடம் பதிவை ஓடவிடுங்கள்; அந்த வீட்டின் அமைதியும் பின்னால் தேவைப்படும். சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். நண்பருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் ‘சர்ர்’ என்ற நாடாவின் ஓட்டம் வழியிலேயே தேய்ந்துவிடும். முதல் வெட்டைப் போடுவதற்கு முன்னால் அசலை ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.